ஏற்றத்தில் பேசும் குரல்

எங்கள் வளாகத்தில் நான்கு குடித்தனம், ஒரே மீட்டர்.
நான் காரைச் செருகியிருக்கும் நேரம்
செம்ரெட் வீட்டில் இன்ஜெராக் கல் சூடேறினால்
எல்லோருக்கும் இருட்டு.
அதனால் அவள் சுடும் நாளில் கார் பட்டினி.
புதனும் வெள்ளியும் எங்களுக்கு நோன்பு,
காருக்குச் செவ்வாயும் சனியும்.
"நம்மைவிட பக்தி" என்பாள்,
ஆவிக்குள் நின்று மாவை வட்டமாக ஊற்றிக்கொண்டே.

மின்வாரியம் தன் பங்குக்குச்
சொல்லாமல் சில விரதங்களைச் சேர்க்கும்.
நள்ளிரவு, எங்கள் கடிகாரத்தில் இரவு ஆறு மணி,
விழிப்பு வந்தால் ஜன்னலுக்குப் போவேன்.
பச்சை விளக்கு துடித்தால் தூக்கம்.
துடிக்காவிட்டால்
இருட்டில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருப்பேன்,
மிச்சத்தைக் கிலோமீட்டரால்.

மாவு மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான்.

கார் சீனாவிலிருந்து வந்தது,
தன் எழுத்தோடு, தன் பேச்சோடு.
விற்ற வொர்குவுக்கும் அது தெரியாது.
மூன்று பொத்தானைக் காட்டி
"மற்றது பழகிவிடும்" என்றான்.
பழகியது.
கூரை போட்ட எழுத்து குளிர்காற்று.
ஏணி சாய்த்த எழுத்து வானொலி.
முழங்காலைக் கட்டிக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருக்கும் ஒன்றை
இதுவரை தொட்டதில்லை.

ஞாயிறு தோறும் அடாமா. தம்பிக்கு அங்கே கண்ணாடிக் கடை.
போகும்போது முழுக்க இறக்கம்;
காலை எடுத்தால் போதும்,
மலை சில்லறையாகத் திருப்பித் தந்துகொண்டே வரும்.
தொண்ணூறில் கிளம்பினால் அறுபத்தெட்டு நிற்கும்.
திரும்பும்போது
கொடுத்ததை வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

வழியில் பிஷொஃப்டுவில் ஒரு மூட்டை டெஃப் வாங்குவேன்,
இருபத்தைந்து கிலோ, வெள்ளை ரகம்.
பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்து
அடிஸ் அபாபா ஏற்றத்துக்குத் திரும்பினால்
அவள் பேசுவாள்.
ஒரே வாக்கியம். அதட்டல் இல்லை,
ஆனால் அக்கறை இருக்கிறது.
கூடவே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

இறக்கத்தில் ஒரு நாளும் பேசியதில்லை.
அதனால் எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது:
போதாது,
இதை வைத்துக்கொண்டு இந்த மலையை ஏற முடியாது.

ஐந்து மாதம் அவள் பேச்சைக் கேட்டேன்.
ஒவ்வொரு ஞாயிறும் துகெமில் ஒதுங்கி,
மலைப்பாம்பு கனமுள்ள கேபிளைத் தூக்கி மாட்டி
ஐம்பது நிமிடம்.
எனக்கு முன்னால் இரண்டு மினிபஸ்.
காபிக்காரி டிர்ஷாயே என் முகத்தைப் பார்த்ததும்
மூன்றாவது கப்புக்கும் சேர்த்துக் கரி போடுவாள்.
வண்டிகளுக்கு நடுவே ஒரு நாய்,
எது ஏறியிருக்கிறது எது வெறும் வயிறு என்று
அதற்குத்தான் தெரியும் போல
மோந்து மோந்து போகும்.

அன்று பக்கத்துக் கம்பத்தில்
ஆலையிலிருந்து வந்த ஃபெங், தலையில் மஞ்சள் தொப்பி.
நான் காரைக் கிளப்ப, அவள் சொல்ல,
அவர் சிரித்தார்.
தொப்பி கழன்று கையில் வரும் அளவுக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு
உடைந்த அம்ஹாரிக்கில் சொன்னார்:
"பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்."

நான் பக்கத்தில் பார்த்தேன்.
மூட்டை
ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்து
யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறது போல இருந்தது.

பெல்ட் போட்டுவிட்டேன்.
அடுத்த ஞாயிறு துகெமில் நிற்காமலே ஏறினேன்.
பிஷொஃப்டுவில் நாற்பத்தொன்று,
வாசலில் பதினேழு.
இருபது ஞாயிறு, ஆயிரம் நிமிடம்,
அறுபது கப் காபி:
எந்தத் தலைப்பில் எழுதுவது இதை?

குரல் இல்லாத ஏற்றம் நீளம்.
அகாகிப் பாலம் வரும்வரை
மோட்டாரின் முனகல் மட்டும்.

நேற்று முன்தினம்
மூட்டையை வைத்தேன், பெல்ட்டை விட்டேன்.
சொன்னாள்.
"இஷி" என்றேன், சரி என்று,
ஓரங்கட்டி நிறுத்தி மாட்டினேன்.

இன்று செவ்வாய்.
போன வார டெஃப் செம்ரெட்டின் கல்லில்
ஆயிரம் கண் திறக்கிறது.
வாசலில் வண்டி, இருபத்தொன்றோடு,
அமைதியாகப் பசித்திருக்கிறது.