பூட்டறைக் கதவு

முதல் முறை கைது செய்தபோது
யெர்முண்ட் என்னைக் "கடல்நாய்" என்றான்.
பள்ளியில் எனக்கு வைத்த பெயர்.
சாட்சிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

டென்மார்க்குக்கு மரம் ஏற்றிய கப்பலில்
தச்சனாகப் போனவன்
ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தான்.
கடவுள் இன்னும் பேசுகிறாராம்,
அதுவும் அமெரிக்காவில்.
பேசியதைக்கூடப் பொறுத்திருப்பார் எங்கள் பாதிரியார்,
தன்னைக் கேட்காமல் பேசியதைத்தான்
பொறுக்க முடியவில்லை.

குற்றம்: மார்ச் மாத இரவில்
பனிப்பாளத்தை உடைத்து நால்வரைக் கடலில் முக்கியது.
மீனுக்கு உப்பிடும் குன்வோர்
பல் கிட்டக் கிட்டச் சிரித்தபடி கரையேறினாள் என்றது சாட்சியம்.
எழுதிக்கொண்டேன்.
சிரிப்பு எந்தப் பிரிவில் வரும் என்று தெரியவில்லை.
ஐந்து நாள், ரொட்டியும் தண்ணீரும்.

இரண்டாம் முறை, கோடை.
பையில் காசின்றி நடப்பதே அவர்கள் விதி.
பிறந்த ஊரில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனான்.
அவன் அம்மா
ஹெர்ரிங் மீன் தட்டைப் படியில் வைத்துவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
நின்றபடியே தின்றான்,
தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.
அதுவரை நான் வேலிக்கு இந்தப்புறம்
விலங்கைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

மூன்றாம் முறை
பூட்டறைக் கதவைப் பார்த்துத் திட்டினான்.
ஈரத்தில் உப்பிச் சாத்தவே சாத்தாது,
கயிறு கட்டித்தான் வைப்பேன்.
"இழைப்புளி கொடு."
கொடுத்தேன். சட்டத்தில் இடமில்லை.
கழற்றி, இழைத்து, மாட்டி,
உள்ளே போய் உட்கார்ந்து, "இப்போது பூட்டு" என்றான்.

அவன் முக்கியவர்கள் எல்லாரும் கப்பலேறிவிட்டார்கள்.
நாற்பத்தொரு பேர், குன்வோர் உட்பட.
அவர்களின் பெட்டிகள் அவன் அடித்தவை,
தாள்களில் கையெழுத்து என்னுடையது.
அவனுக்கு மட்டும் வசந்தம்தோறும் கோபன்ஹேகனிலிருந்து கடிதம் வரும்:
இன்னும் ஓராண்டு, சகோதரா.

அந்தச் சீயோனில் கடல் உண்டா என்று ஒருநாள் கேட்டேன்.
"உண்டு. வெறும் உப்பு. மீன் கிடையாதாம்."
மீனில்லாத கடலுக்கா இத்தனை பாடு?
எதற்கும் வசனம் வைத்திருப்பவன்
துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது புகார் நேற்று வந்தது.
பாதை முழுதும் பனி, போக முடியவில்லை
என்று பதில் எழுதி, முத்திரை குத்தி,
கீழே தேதி போட்டேன்:
ஜூன் பதினாறு.