பூஜ்யத்தில் நின்ற நான்கு நாட்கள்

மூன்றே நிலைகள் அந்தத் திருகுக்கு:
இடப்பக்கம் கை, வலப்பக்கம் தானியங்கி,
நடுவில் பூஜ்யம்.

திங்கட்கிழமை எண்ணெய் மாற்றினேன்.
நாற்பத்திரண்டு லிட்டர் கருப்பு இறங்கி முடியும்வரை
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.
பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சை உப்பைப்
பழைய பல் பிரஷால் தேய்த்தேன்.
டீசல் தொட்டியின் அடித்தண்ணீரைத் திறந்துவிட்டபோது
கூடவே வந்தது கருஞ்சளி போல் ஒன்று,
எரிபொருளைத் தின்று வாழும் கிருமிக் கூட்டம்.
எதில்தான் பிழைக்காது உயிர்!

கை உள்ளே இருக்கையில் விசிறி கிளம்பினால்
விரல் மிஞ்சாது.
அதனால்தான் வேலைக்கு முன் பூஜ்யம்.
வேலைக்குப் பின்?

வெள்ளிக்கிழமை காலை சோதனை ஓட்டத்துக்கு வந்து
கை நீட்டினேன்.
அம்புக்குறி நடுவில் நின்றது,
நான் விட்ட இடத்தில்.

சுவருக்கு அந்தப் பக்கம்
பதினெட்டுத் தொட்டிகளில்
இரண்டு லட்சத்து அறுபதாயிரம் சால்மன் குஞ்சுகள்,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்.
பம்பு நின்றால் பதினோரு நிமிடம்.
அதற்குப் பிறகு தண்ணீர் இருக்கும்,
மூச்சு இருக்காது.
மின்சாரம் போன ஒன்பதாம் விநாடியில்
பற்றிக்கொள்ள வேண்டியது இந்த எஞ்சின்.

செவ்வாய் இரவு வாடை வீசியது.
சிலோயே தீவில் வடக்குக் காற்று குளிராக வராது,
மழையைத் தோளில் சுமந்து வெறிபிடித்து வரும்.
படகுகள் நின்றன.
புதன்கிழமை கெய்லென் சாலையில் கம்பங்கள் சாய்ந்து
அந்தப் பக்கம் முழுக்க மூன்று மணி நேரம் இருட்டு.
"இங்கே விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான்"
என்றான் இரவுக் காவலன் நவெல்கின்.
அந்த நேரம் நான் வீட்டில்
கேஸ் சிலிண்டருக்கு யார் பணம் தருவது என்று
தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பூஜ்யத்தில் நின்றால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு
போன குளிர்காலத்திலேயே செத்துவிட்டது.
புது பல்பு கேட்டு எழுதியிருக்கிறேன்
இதே பதிவேட்டில், ஜூலைப் பக்கத்தில்.

திருகினேன். டக்.
இவ்வளவுதான் அது, ஒரு டக்.

பிறகு வழக்கம்போல் ஓட்டினேன்.
முழுச் சுமை ஏற்றி, அரை மணி.
சும்மா ஓடவிட்டால் நோய்ப்படும் இனம் இது;
எரியாத டீசல் புகைக்குழாயில் தார் போல் கசியும்.
மணிக்கணக்கு முள் முந்நூற்றுப் பதினொன்றைத் தாண்டியது.
ஒன்பது ஆண்டுகளில் அது ஓடியது அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் காத்திருப்பு.
காத்திருப்பைப் பழுதுபார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

தொட்டிப் பக்கம் போய் நின்றேன்.
நீரோட்டத்தை எதிர்த்து, நகராமல் நீந்திக்கொண்டிருந்தன.
ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை.
உணவு போடும் கை இல்லையே இது.

பதிவேட்டைத் திறந்தேன்.
அழுத்தம், வெப்பம், மணி எல்லாம் நிரப்பினேன்.
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
யாருக்கும் தெரியாது. ஒரு குஞ்சும் சாகவில்லை.
நடக்காத ஒன்றை எப்படி எழுதுவது?
எழுதினேன்:
திங்கள் மாலை 4.10 முதல் வெள்ளி காலை 8.25 வரை
திருகு பூஜ்யத்தில். விட்டது நான்.
எதெல்மிரா பார்ரியா.

மாதக் கடைசியில் மேலாளர் ஒவிதியோ கையெழுத்திட்டார்,
எல்லாப் பக்கத்திலும் போலவே, சாய்வாக.
அவர் பேனாவின் வால் என் வரியைக் குறுக்கே கடந்து போனது.
படித்தாரா, தெரியவில்லை.
பல்பு இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் படுக்குமுன் போன் செய்கிறேன்.
"நவெல்கின், தானியங்கியில்தானே இருக்கிறது?"
"இருக்கிறது, இருக்கிறது. நேற்றும் கேட்டாய்."
அவன் பின்னால் கால்பந்து வர்ணனை,
கூரைத் தகரத்தில் மழை.
காதை அழுத்திக்கொண்டு கேட்கிறேன்.
நாற்காலி நகரும் சத்தம்
கேட்கவில்லை.