வாசலுக்கு முன்னால் ஒரு கம்பம்

முதலில் மகளின் சதுர றூள் கொப்பியில்தான் கீறினேன்.
நடுவில் கதவு. இரண்டு பக்கமும் யன்னல்.
தாளை நட்டநடுவே மடித்துப் பார்த்தேன்:
யன்னலின் மேல் யன்னல் அச்சாகப் படுத்தது.
விரித்தபோது
சோதனை மண்டபத்தில் பெயர் கூப்பிடப்பட்டவள் மாதிரி
திருதிருவென்று முழித்தது வீடு.

அலஸ்தோட்டத்தில் பன்னிரண்டு பேர்ச்சஸ்.
பின்னால் கடல், முன்னால் றோட்டு,
வங்கிக்குப் பதினைந்து வருசம்.

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் படங்கள் அனுப்பினான்:
தூண், தூணுக்கு மேல் தூண்,
பல்கனியைத் தாங்கும் இரண்டு சிங்கம்.
"முகப்பெண்டா ஒரு எடுப்பு வேணும்."
ஒன்பது படத்திலும்
உள்ளே இருக்கிறவர்கள் எங்கே நின்று
வெளியே பார்ப்பார்கள் என்று தெரியவில்லை.

கயிறு பிடிக்க வந்த மேசன் குலவீரசிங்கம்
வளவைப் பார்க்கவில்லை, றோட்டைப் பார்த்தார்.
"அக்கா, வாசலுக்கு நேர கறண்ட் கம்பம் நிக்குது."
நின்றது.
வளவை அளந்து, நடுவைக் கண்டுபிடித்து, நட்டதுபோல.
நகர்த்தலாம் என்றார்கள் மின்சார சபையில்.
எழுதித் தந்த தொகையில்
எனக்கொரு குசினி கட்டலாம்.

கேற் வலப்பக்கம் போனது.
கேற்றின் பின்னால் கதவு போனது,
கதவின் பின்னால் போட்டிக்கோ, அதன் இரண்டு தூண்.
செத்த வீட்டில் ஒருத்தி எழும்பினால்
மற்றவர்களும் சீலையைத் தட்டிக்கொண்டு எழும்புவார்களே,
அப்படி.
இடப்பக்கம் இருபதடிச் சுவர், சும்மா.
அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

செபநேசன் சீனன்குடாவில் கிறேன் ஓட்டுகிறவர்.
இரவு வேலை முடிந்து வந்து
பிளேன்ரீயை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.
"பாரத்துக்குப் பாரம் வைக்கத் தேவையில்லை.
தள்ளி வைச்சாச் சின்னக் கல்லும் காணும்."
பேனையை வாங்கி
சுவரின் இடது கோடியில்,
இன்னும் ஒரு நூல் போனால் தாளை விட்டு விழுந்துவிடும் என்கிற இடத்தில்,
ஒரு வட்டம் போட்டார்.

கொப்பியைக் கதிரையில் சாத்திவிட்டு
அறையின் மறுகோடிக்குப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
வீடு காலூன்றி நின்றது.

வட்ட யன்னலா?
குலவீரசிங்கம் இரண்டு நாள் வரவில்லை.
மூன்றாம் நாள் கம்பி கழற்றிய சைக்கிள் றிம் ஒன்றோடு வந்து,
அதைச் சுவரில் நிறுத்தி, சுற்றிவரக் கல் அடுக்கினார்.
இரும்புக் கிறில் வேண்டாம் என்றேன்.
இந்த உப்புக்காற்று இரண்டு மாரியில் தின்றுவிடும்.
தேக்கில் ஒரு குறுக்கு, ஒரு நெடுக்கு. காணும்.

காசு முகப்போடு முடிந்தது.
முன்சுவருக்கு மட்டும் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை.
பக்கச் சுவர்களில் சீமெந்துக் கல் அப்படியே இருக்கிறது,
கலியாணத்துக்கு அவசரப்பட்டவள்
முகத்துக்குப் பவுடர் போட்டுக் கழுத்தை மறந்ததுபோல.

பின்னேரம் நாலு மணிக்குக் கம்பத்தின் நிழல்
மதில் இல்லாத வளவைத் தாண்டி வந்து
அந்த வெறுஞ்சுவரில் ஏறும்.
நான் கீறாத கோடு.
கீறியிருந்தாலும் அவ்வளவு சரியாக வைத்திருக்க மாட்டேன்.
கச்சான் அடிக்கிற நாட்களில்
கம்பத்தின் நிழல் நிற்க, வயரின் நிழல் மட்டும் ஆடும்.

பிறகு றோட்டை அகலமாக்க வந்தார்கள்.
ஒரே காலையில், ஒரு சதம் கேட்காமல்
கம்பத்தைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டுவிட்டுப் போனார்கள்.
குலவீரசிங்கம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வர ஒரு கிழமை எடுத்தது.

புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள்
கதவை ஏன் நடுவில் வைக்கவில்லை என்று.
நடுவில் புல் முளைத்திருக்கிறது.
வீடோ
ஒடுங்கின ஒழுங்கையில் எதிரே வந்த யாருக்கோ
வழி விட்டு ஒதுங்கினதுபோல நிற்கிறது,
அந்த ஆள் கடந்து போன பின்னும்.