அறுபத்து நான்கில் பதினேழு

சிசிமியூட்டில், துறைமுகத்துக்கு மேலேறும் சாலையில் ஒரு கடை.
தூண்டில் முள், தோட்டா, குழந்தைகளுக்கான பனிக்காலணி,
மூலையில் கண்ணாடிக்குள் நான்கு டேப்லெட்.
அந்த மூலை என் பொறுப்பு.

இனூதேக் கையுறையைக் கழற்றாமலே கேட்டான்:
"எது மலிவு?"

மறுநாள் இறால் கப்பல். நாற்பது நாள்.
கரை மறைந்த கொஞ்ச நேரத்தில்
சிக்னலும் மறைந்துவிடும்.
உணவறையில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் ஒரே டேப்லெட்.
காசு திரட்டி இவனை அனுப்பியிருக்கிறார்கள்.

"அறுபத்து நான்கு என்று போட்டிருக்கிறதே, அது போதும்."
"அறுபத்து நான்கு என்றால் அறுபத்து நான்கு இல்லை," என்றேன்.
"திறக்கும்போதே பதினேழு போயிருக்கும்."
"யார் எடுத்தது?"
"அதுவேதான். தான் யார் என்பதை மறக்காமலிருக்க
அதற்கே பதினேழு வேண்டும்."
சிரித்தான்.
"என் மச்சானும் இப்படித்தான். விருந்துக்கு வருவான்,
முதலில் அவன் பெட்டிக்கு இடம் ஒழிக்க வேண்டும்."

இன்னொரு நினைவகமும் உண்டு, அது வேறு என்றேன்.
இது கிடங்கு. அது மேசை.
மேசை சிறிதானால் ஒன்றை வைக்க
ஒன்றைத் தள்ளும், திணறும்,
அணைத்தால் துடைத்து வைத்ததுபோலாகிவிடும்.

இதை யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.
"மேசை நிரம்பினால் வலையை நிறுத்துவோம்.
கிடங்கு நிரம்பினால் வீடு திரும்புவோம்."

பொறியாளர் ஹெக்னிக்குப் பழைய கால்பந்து ஆட்டங்கள்,
சமையல்காரர் உல்லோரியாக்குக் கம்பளிச் சட்டைப் பின்னல் பாடங்கள்,
மற்றவர்களுக்கு ஒரு கொலைத் தொடர், இருபத்து நான்கு பாகம்.
இவனுக்கோ
தன் பதினோரு நாய்களும் சேர்ந்து ஊளையிடும்
ஒன்பது நிமிடம்.

"மேகத்தில் வைக்கலாம் என்கிறார்களே?"
அங்கே மேகத்துக்கா பஞ்சம்?
எட்டிப் பறிக்கத்தான் எதுவும் கிடைக்காது.
நூற்றிருபத்தெட்டைக் காட்டினேன்.
தொள்ளாயிரம் குரோனர் கூடுதல்.
எட்டால் வகுத்துப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்,
மலிவானதையே எடுத்துப் போனான்.

நாற்பத்திரண்டாம் நாள் வந்து நின்றான்.
முகத்தில் தாடி, கடையெங்கும் இறால் வாடை.

ஒன்பதாம் நாளே நிரம்பிவிட்டதாம்.
கிடங்கு நிரம்பியது, ஆனால் கப்பல் திரும்பவில்லை.
சாப்பாட்டு மேசையில் கைதூக்கி வாக்கெடுத்தார்கள்.
முதலில் பின்னல் பாடம் போனது.
(உல்லோரியாக் அரைக்கை சட்டையோடு நின்றுவிட்டார்,
இரண்டு நாள் சூப்பில் உப்பில்லை.)
பிறகு கால்பந்து, ஹெக்னி தோற்ற ஆட்டங்கள் மட்டும்.
அப்புறம் எவனோ குளிரில் விறைத்த விரலால்
கடைசி மூன்று பாகங்களை அழித்துவிட்டான்.
பார்க்காத பாகங்கள்.

அன்றிலிருந்து எட்டுப் பேருக்கு எட்டுக் கொலைகாரர்கள்.
வலை இழுக்கும்போது வழக்கு,
இறால் பிரிக்கும்போது சாட்சி,
படுக்கையில் விளக்கணைத்த பிறகும் குறுக்கு விசாரணை.
"சண்டை இல்லாமல் இருந்த பயணம் இதுதான்," என்றான்,
"ஒரே சண்டையை எல்லோரும் போட்டோம்."

"நாய்கள்?"

முப்பத்தோராம் நாள், வலது புறம் திமிங்கிலங்கள்,
தாயும் குட்டியும், கப்பலைத் தொடும் தூரத்தில்.
படம் பிடிக்கத் தூக்கினான். இடமில்லை என்றது.
எதை அழிக்க என்று கேட்டது.
அது கேட்பதற்குள் குட்டி ஒருமுறை மூழ்கி எழுந்தது.
ஒன்பது நிமிடத்தை அழித்தான்.

வருத்தமா என்று நான் கேட்கவில்லை.
அவனே சொன்னான்:
"கப்பல் துறைக்குள் திரும்பும்போது
ஊருக்குப் பின்னாலிருந்து அசலே கேட்டது.
பதினொன்றும்."

கையுறையைக் கழற்றினான்.
கண்ணாடி மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி,
"நீ அந்தத் தொடரைப் பார்த்தாயா? கொன்றது யார்?"

பார்த்திருந்தேன்.
சொல்லவில்லை.
சாவியெடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
நூற்றிருபத்தெட்டை எடுத்து
அவன் முன்னால் வைத்தேன்.