யார் சொல்லி வந்தே

ஃபர்வானியாவில் மணி எக்ஸ்சேஞ்சுக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம்.
நாலு மேசை, தாளை மெல்லும் ஒரு பிரிண்டர்.
மே மாதம் ஏழாம் தேதி
கிதிர் முகைதீன் உள்ளே வந்து
நாற்காலியில் உட்காராமலே கேட்டார்:
"எத்தனை நாளில் முதல் பக்கம்?"

ஏசி பழுது பார்ப்பவர்.
ஒரு வேன், இரண்டு ஏணி,
சட்டைப்பையில் எப்போதும் ஒரு கெப்பாசிட்டர்.
"ஜூன் பொறந்துட்டா யாரும் நின்னு தேட மாட்டாங்க.
கண்ணுல படுற மொத நம்பரை அமுக்குவாங்க."
வாஸ்தவம்.
வியர்த்த விரல் இரண்டாம் பக்கம் போவதில்லை.

என் கணக்கைச் சொன்னேன்.
மாதத்துக்கு நாலு பேக்லிங்க், மிஞ்சினால் ஆறு.
உங்கள் வேலையைத் தெரிந்தவர்கள்
உங்களைக் கைகாட்ட வேண்டும்.
இந்த நாட்டில் வந்து இறங்கியதும்
அறையில் நம்மைக் கேட்ட முதல் கேள்வி
பேரா, ஊரா?
"யார் சொல்லி வந்தே?"
தேடுபொறியும் அதைத்தான் கேட்கிறது.
மூவாயிரம் பேர் சொல்லி வந்தேன் என்று
ஒரே ராத்திரியில் போய் நின்றால்
எந்தக் காவலாளி கதவைத் திறப்பான்?

அவர் சிரித்தார்.
"நான் யார் சொல்லியும் வரலம்மா.
ஏஜெண்டுக்கு எழுபதாயிரம் குடுத்து வந்தேன்."

என்னிடம் பதில் இல்லை.

நாற்பது தினார்.
எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாத ஒருவன்
ஒரு வாரத்தில் மூவாயிரம் கட்டிக் கொடுத்தான்.
பதினோராம் நாள் முதல் பக்கம், மூன்றாவது இடம்.
தவணையில் இன்னொரு வேன்.
எங்களுக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.
கொட்டையைத் துப்பியபடி
நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் இருபது. நாற்பத்தொன்பது டிகிரி.
போன் அடிக்கவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில் இல்லை.
பன்னிரண்டில் இல்லை.
தன் பேரைத் தானே தட்டித் தேடி
தன்னைக் காணாமல்
எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

இரண்டு வாரம் பட்டியலைப் படித்தேன்.
யார் யாரெல்லாம் இவருக்குச் சிபாரிசு!
போலந்தில் ஒரு சோபாக் கடை.
வழுக்கைக்கு எண்ணெய் விற்கும் மகான்.
சூதாட்ட மேசைகள் நானூறு.
செத்துப்போன பல் டாக்டர் ஒருவரின் தளம்,
அதில் யாரோ வாடகையில்லாமல் குடியிருக்கிறார்கள்.
அத்தனை பேரும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை:
"குவைத்தில் சிரந்த ஏசி சர்வீஸ்."

ஒவ்வொருவருக்கும் எழுதினேன்,
தயவுசெய்து எங்களைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.
அறுபது பேர் அழித்தார்கள்.
மற்ற முகவரிகளில் மனிதர்களே இல்லை போல.
மிச்சத்தைத் தேடுபொறியிடமே ஒப்படைத்து
இவர்களோடு எங்களுக்கு உறவில்லை என்று
எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றாம் வரியில்
காசு கொடுத்து வாங்காத ஒன்று.
மங்காஃபில் ஒரு கட்டடத்துக் குடியிருப்போர் தளம்.
ஜெசிந்தா மச்சாது என்கிற நர்ஸ்
போன ஆகஸ்டில் எழுதியது:
"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தார்.
பிள்ளை தூங்குதுன்னு செருப்பைப் படியிலேயே விட்டார்.
சம்பளம் வந்த பிறகு காசு போதும் என்றார்."
கீழே அவர் நம்பர்,
ஓர் இலக்கம் தப்பாக.

அதை வெட்டவில்லை.
இலக்கத்தை மட்டும் திருத்தச் சொல்லி
அந்த அம்மாவுக்கு எழுதினேன்.

செப்டம்பரில் எட்டாம் பக்கம்.
இரண்டாவது வேனைக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
"இப்படியே போனா இன்னும் எத்தனை நாளும்மா?"
நேற்றுப் போனில் கேட்டார்.
பின்னால் கம்ப்ரசர் சத்தம்,
யார் வீட்டு மொட்டைமாடியிலோ நிற்கிறார்.
"அந்த வீட்டுக்காரர்
யார் சொல்லி உங்களைக் கூப்பிட்டார்?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

"கேக்கல."

"கேளுங்க."