மூன்றாவது பேச்சு

பீடோரிலிருந்து மலையடித் தோட்டம்வரை
நான்கே கம்பி.
பேச்சு மூன்று.

கணக்கு இடிக்கிறதா?
டெலிகோமில் சேர்ந்த புதிதில்
எனக்கும் இடித்தது.
ஒரு சோடி ஆபீஸ் கிராணிக்கு,
ஒரு சோடி போலீஸ் சாவடிக்கு.
மூன்றாவது, துரை பங்களாவுக்கு.
அதற்கென்று கம்பி கிடையாது.
முதல் சோடி மொத்தமும் அது போகிற வழி,
இரண்டாம் சோடி மொத்தமும் திரும்புகிற வழி.
இரு முனையிலும் ஒரு சுருள்;
சுருளின் நட்டநடுவில் ஏறி
நட்டநடுவில் இறங்கிக்கொள்ளும்.
தங்கள் பேச்சின்மேல் ஒருவர் சவாரி போவது
கிராணிக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது.
ஆ கியோங் அதைப் பேய் லைன் என்பான்,
சொல்லிவிட்டுத் தரையில் துப்புவான்.

ஒரே நிபந்தனை:
சோடியின் இரு கம்பியும்
ஒரே கனம், ஒரே தடை.
ஒன்று கொஞ்சம் சோர்ந்தாலும்
பேய் கசியும்.

கசிவு எனக்குப் புதிதில்லை.
லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது.
பக்கத்து வீட்டு இருமலுக்கு
எங்கள் வீட்டில் விழித்துக்கொள்வோம்.

அறுபத்தேழு, நவம்பர்.
விடாத மழை, பால்வெட்டு இல்லை.
கிராணி சந்தனசாமி புகார் சொன்னார்:
"போன்ல வேற யாரோ முணுமுணுக்கிறான்யா."
முப்பத்தொன்பதாம் தூணில் ஏறினேன்.
பீங்கான் குப்பியை ஒட்டிய இணைப்பில்
பச்சை பூத்திருந்தது.
சோதனைப் போனை மாட்டினால்
துரையின் குரல்.
மறுமுனை ஈப்போ.
என் அரைகுறை இங்கிலீஷுக்கு
ஏக்கர் புரிந்தது.
பதினேழு துண்டு என்பது புரிந்தது.
ஆட்கள்? என்று ஈப்போ கேட்டதும்,
டிசம்பர் சம்பளத்தோடு சரி,
அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்றதும்
நன்றாகவே புரிந்தது.

கேட்கக் கூடாது.
கேட்டாலும் சொல்லக் கூடாது.
கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்தவன் நான்.
மூன்று முறுக்கு, ஒரு சொட்டு ஈயம்,
பத்து நிமிட வேலை.
மழை கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
இடுக்கியைப் பையில் போட்டேன்.

"பழுது பெருசுங்க, ரெண்டு நாளாகும்," என்றேன் கிராணியிடம்.
"சத்தம் வந்தா உடனே வச்சிடாதீங்க.
என்ன சத்தம்னு
கேட்டுச் சொன்னா எனக்கு உதவி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் தூணுக்கு வந்தபோது
வெயில் அடித்தது.
பெரட்டுக்களத்தில் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்,
ஒருவர் காட்டுக்குப் போகவில்லை.
தெலுக் அன்சனிலிருந்து
சங்கத்துக் கார் வந்து நின்றது.

தோட்டம் விற்கத்தான் விற்றது.
ஆனால் யாரும் வெறுங்கையோடு போகவில்லை;
சிலருக்கு எட்டு வருடக் கணக்கு,
சிலருக்கு இருபது.
போதுமா என்று கேட்டால்
போதாது.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.

ஈயம் ஆறியதும் கிராணிக்குப் போன் போட்டேன்.
"லைன் எப்படிங்க?"
கொஞ்ச நேரம் மூச்சுமட்டும் வந்தது.
"சுத்தமா இருக்கு," என்றார்.
"ஒண்ணுமே கேக்கல."