வெள்ளை லைலாக், எண் 41

வால்திஸ் பன்றிக் கொழுப்போடு வந்தான்,
மூன்று கிலோ, சந்தைக் காகிதத்தில் பொதிந்து.
"இதைத் தின்ன மாட்டாயாம்,
பூவுக்குத் தரப்போகிறாயாம்" என்றான்.
படிகாரம் போட்டு ஏழு தண்ணீரில் அலசினால்
கொழுப்பு பன்றியை மறந்துவிடும் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. விலையைச் சொன்னான்.

குறிப்பேடு ஒரு தராசோடு சேர்ந்து வந்தது.
தராசுக்குத்தான் காசு கொடுத்திருந்தேன்.
இதே ரீகாவில் மருந்துக்கடை வைத்திருந்த
ரைன்ஹோல்ட் ஷ்டெகரின் கையெழுத்து,
காற்றில் சாய்ந்த வேலி மாதிரி ஜெர்மன்.
அளவெல்லாம் லோத்தில்.
ஒரு லோத் எத்தனை கிராம் என்பதில்
ஊருக்கு ஒரு கணக்கு.
எங்கள் ஊர்க் கணக்கைக் கண்டுபிடிக்க
மூன்று மாலைகள் போயின.

நாற்பத்தொன்று, வெள்ளை லைலாக்:
சம்பங்கி ஊறிய கொழுப்பு,
ஆரஞ்சுப்பூ ஊறிய கொழுப்பு, அதில் பாதி,
கசப்பு வாதுமை எண்ணெய் சில சொட்டு,
புனுகு ஊசிமுனையளவு.
இன்னொரு முறை படித்தேன்.
தாளைத் திருப்பியும் பார்த்துவிட்டேன்.
லைலாக்கில் லைலாக் இல்லை.

இருக்கவும் முடியாது.
மே மாதத்தில் தெருவையே மயக்கும் பூ
வாலையில் இட்டால் வெந்த கீரை,
எரிசாராயத்தில் இட்டால் ஊமை.
படம் பிடிக்க ஒருநாளும் உட்காராத ஒருத்தியை
அண்டை வீட்டாரிடம் விசாரித்து
வரைந்திருக்கிறார் ஷ்டெகர்.

சம்பங்கி ஹாலந்திலிருந்து வந்தது,
தண்டு நான்கு யூரோ.
கண்ணாடியில் கொழுப்பை மெழுகி
பூக்களை முகம் குப்புறப் படுக்கவைத்தேன்.
வாடியதை எடு, புதியதை வை.
பதினெட்டு நாள்.
குளிர்பெட்டி வெண்ணெய் வரைக்கும் ஏறிவிட்டது.
"என் ரொட்டியில் யாரோ ஒரு பெண்மணி இருக்கிறார்"
என்றான் எமீல்ஸ், பாதியில் வைத்துவிட்டு.

கூண்டுப் பூனையைச் சுரண்டி எடுக்கும் புனுகு
எனக்கு வேண்டாம்.
ஆய்வகத்தில் செய்த புனுகு ஒரு மில்லி வாங்கினேன்.
மூடியைத் திறந்த பத்தாவது நிமிடம்
கீழ்வீட்டு திருமதி ஓஸ்லிஞ்யா படியேறி வந்து
சாக்கடை உடைந்துவிட்டதா என்று கேட்டார்.
மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

மிச்சம் இருந்தது வாதுமைச் சொட்டு.
எண்ணின் மேல் பழுப்பாய் ஒரு கறை.
மூன்றா, எட்டா?
பூதக்கண்ணாடி வைத்தேன், விளக்கில் பிடித்தேன்,
தாளின் முதுகில் பேனா அழுந்திய தடத்தை
விரலால் தடவினேன்.
வாய் மூடிய மூன்று எட்டு,
இடப்பக்கம் தேய்ந்த எட்டு மூன்று.
ஓரத்தில் பென்சிலில்:
"திருமதி பா. போதாது என்கிறார்."
எது போதாது என்று
எழுதியிருக்கலாம், ஷ்டெகர்.

இரண்டும் செய்தேன்.
எட்டு: கிறிஸ்துமஸ் வார மிட்டாய்க்கடை.
மூன்று: சம்பங்கி ஒரு மூலை, ஆரஞ்சு ஒரு மூலை,
வாசலில் பூனை.
சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய உறவினர்
சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல.
கொட்டிவிடப் போனேன்.
தண்டு நான்கு யூரோ நினைவுக்கு வந்தது.
விரலில் ஒட்டியதைக்
கோட்டின் கையில் துடைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து டிராமில்
ஈரக் கம்பளி, இருமல்,
நவம்பரின் நாலரை மணி இருட்டு.
சீட்டு வாங்க மறந்திருந்தேன்.
பரிசோதகர் ஏறினார்,
பெயர்ப்பட்டையில் தக்னியா என்றிருந்தது.
எனக்கு முன்னிருக்கைவரை வந்தவர்
கருவியை நீட்டிய கையோடு நின்றார்.
பிறகு குனிந்து
ஜன்னலின் ஆவியை முழங்கையால் துடைத்து
வெளியே பார்த்தார்:
மொட்டை மரங்கள், ஆலங்கட்டி கலந்த மழை,
டயர் கடை.
"யாரிடம் லைலாக்?" என்றார் பெட்டியைப் பார்த்து.

நவம்பரில் அப்படிக் கேட்பவருக்கு
யார் பதில் சொல்வார்கள்?
என்னிடம்தான் என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அடுத்த கேள்வி சீட்டு.
கையை மட்டும் சற்றே தூக்கி
மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் நெற்றி தளர்ந்தது.
இரண்டு நிறுத்தங்கள் அப்படியே நின்றார்.
மூன்றாவது நிறுத்தத்தில்
என் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
திருமதி பா.வின் கீழே
பென்சிலில் எழுதினேன்:
மூன்று சொட்டு. இரண்டு நாள் பொறுக்கவும்.
அபராதம் இருபது யூரோ.